நாற்பது ரூபாய் சிடி

போன மாதம் எங்கள் படிப்பகத்தில் இரண்டு நாள் பயிற்சி முகாம் நடந்தது. துண்டறிக்கை எழுதுவது, அதை வடிவமைப்பது, அச்சுக்கு அனுப்புவது என்று முழுக்க வேலை பழகும் முகாம். இருபது பேர் வந்திருந்தார்கள். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"தோழர், பஞ்சமி நிலத்தைத் திருடிட்டாங்க, திருப்பிக் கொடுன்னு போஸ்டர் போடுறோம். அந்தப் போஸ்டரையே திருட்டு போட்டோஷாப்ல செய்றோமே, இது சரியா?"

அறையே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் பதில் வரவில்லை. "நல்ல கேள்வி, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று சொல்லித் தப்பித்தோம். சாப்பிட்ட பிறகும் பேசவில்லை. இருபது வருடமாக நாங்கள் செய்துகொண்டிருந்த ஒன்றைப் பற்றி எங்களிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்குக் கொடுக்க வேண்டிய பதில். கொஞ்சம் நீளமான பதில். பொறுத்துக்கொள்ளுங்கள் தோழர்களே.

எங்கள் கையில் கணினி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

2003ஆம் ஆண்டு. எங்கள் காலனியிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி டவுனில் இரண்டு டிடிபி கடைகள் இருந்தன. ஊர்த்தெரு முனையில் இருந்த டீக்கடையில் இரட்டைக் குவளை. அதைக் கண்டித்து ஒரு பிட் நோட்டீஸ் அடிக்கலாம் என்று கையால் எழுதி எடுத்துக்கொண்டு போனோம். முதல் கடைக்காரர் வாசித்துப் பார்த்தார். "கடை பேரெல்லாம் போட்டிருக்கீங்களே, அவரு எனக்கு வேண்டியவரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது கடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் போனால் மெஷின் ரிப்பேர். அதற்கடுத்த நாள் பையன் வரவில்லை. ஐந்தாவது நாள் போனபோது டைப் செய்த தாள் இன்னும் தயாராகவில்லை. ஆனால் செய்தி மட்டும் ஊர்த்தெருவுக்குப் போயிருந்தது. அன்றைக்குக் காலையிலேயே அந்த டீக்கடையில் எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப். பத்து நாள் கழித்து ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ் திரும்பி வந்தது. எங்கள் ஆட்களுக்குப் பிளாஸ்டிக் அப்படியே நின்றுவிட்டது. எங்களிடம் இருந்த சாட்சியம் ஒரு டிடிபி கடையின் மேசையில் கரைந்து போனது.

அன்றைக்கு முடிவு செய்தோம், எழுதுவது மட்டும் நம் கையில் இருந்தால் போதாது, எழுத்துக் கோர்ப்பதும் நம் கையில் இருக்க வேண்டும் என்று. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வெளிநாட்டில் இருந்த ஒரு அண்ணன் கொஞ்சம் அனுப்பி, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் பழைய கணினி ஒன்றை வாங்கினோம். பெட்டியைக் கட்டிக் கொடுத்த கடைக்காரர், "சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுத் தந்துட்றேண்ணா" என்றார். கூடவே நாற்பது ரூபாய்க்கு ஒரு சிடி. அதில் விண்டோஸ், பேஜ்மேக்கர், போட்டோஷாப், கோரல்டிரா, ஒரு கூடை தமிழ் ஃபாண்ட். சிடியின் மேல் மார்க்கரில் சீரியல் நம்பர் எழுதியிருந்தது.

அதை நாங்கள் திருட்டு என்று நினைக்கவில்லை. மறைத்துச் செய்த எதுவும் அதில் இல்லை. பட்டப்பகலில், பில் போட்டு, கடைக்காரர் தன் கையால் ஏற்றிக் கொடுத்தார். குடம் வாங்கினால் அதற்குத் தனியாக மூடிக்குக் காசா கேட்பார்கள் என்பது போலத்தான் நினைத்தோம். மென்பொருள் என்று தனியாக ஒரு பொருள் இருக்கிறது, அதற்குத் தனி விலை இருக்கிறது, அட்டைப் பெட்டியில் விற்கிறார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் மாவட்டத்தில் அப்படியொரு அட்டைப் பெட்டியை நாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை.

பிறகு விலை தெரிந்தது. அந்த ஆண்டுகளில் போட்டோஷாப்பின் ஒரு பிரதி அமெரிக்காவில் 649 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 29,000 ரூபாய். எங்கள் அம்மாக்கள் நடவுக்குப் போனால் நாளுக்கு 50 ரூபாய். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் சேர்த்தால் 580 நாள் கூலி. எங்கள் பக்கம் வருடம் முழுக்க வயல் வேலை கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தால் மூன்று வருட நடவும் களையும் அறுப்பும். அதே நேரத்தில் அமெரிக்காவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலர். அங்கே மிகக் குறைந்த கூலி வாங்கும் தொழிலாளிக்கு அது 126 மணி நேர உழைப்பு, அதாவது பதினாறு நாள். பொருள் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஒருவருக்குப் பதினாறு நாள், இன்னொருவருக்கு மூன்று வருடம்.

ஏன் மக்கள் நகல் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு முதல் பதில் இந்தக் கணக்குதான். 2011இல் அமெரிக்காவின் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் இந்தியா, பிரேசில், ரஷ்யா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் நகலெடுப்பைப் பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. அதன் சாரமும் இதுதான்: பொருளின் விலை அதிகம், மக்களின் வருமானம் குறைவு, நகலெடுக்கும் கருவி மலிவு. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நகல் சந்தை பிறக்கும். ஒழுக்கக் கேட்டை விட விலைச் சிக்கல் என்று பார்த்தால்தான் இது புரியும் என்றார்கள்.

ஆனால் விலை மட்டுமே காரணம் என்று சொன்னால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். மீதிப் பாதி, வேறு வழியே காட்டப்படவில்லை என்பது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பத்தாவது முடித்ததும் டவுனில் மூன்று மாத டிடிபி வகுப்பில் சேர்வார்கள். பயிற்சி மையத்தின் பலகையிலேயே மென்பொருள்களின் பெயர்கள்தான் பெரிய எழுத்தில் இருக்கும். வடிவமைப்பு என்றால் என்ன, பத்தி எப்படி அமைய வேண்டும் என்று யாரும் கற்றுத்தரவில்லை. எந்த மெனுவில் எதை அழுத்த வேண்டும் என்று கற்றுத்தந்தார்கள். அந்த மையங்களின் கணினிகளில் இருந்ததும் நாற்பது ரூபாய் சிடிதான். வேலைக்கான விளம்பரத்திலும் அதே பெயர்கள்தான் இருந்தன. வகுப்பிலிருந்து வேலைக்குப் போகும் படிக்கட்டில் ஒவ்வொரு படியிலும் ஒரு நிறுவனத்தின் முத்திரை. அந்தப் படிக்கட்டில் ஏற நினைக்கும் பிள்ளை வீட்டில் பழகிப் பார்க்க என்ன செய்யும்?

இது தனியார் மையங்களோடு நிற்கவில்லை. 2019இல் வந்த தமிழ்நாடு அரசின் புதிய பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூலைத் திறந்து பாருங்கள். பேஜ்மேக்கர் பாடம் இருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். 2004இல் நிறுவனமே அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டது. கைவிடப்பட்டுப் பதினைந்து வருடம் ஆன ஒரு மென்பொருளை அரசு நம் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கிறது. அதை வீட்டில் பழக விரும்பும் மாணவி எந்தக் கடைக்குப் போய் நேர்மையாக வாங்குவாள்?

நிறுவனங்களுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகவே தெரியும். 1976 பிப்ரவரியில், இருபது வயது பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். எங்கள் பேசிக் மென்பொருளை உங்களில் பெரும்பாலோர் திருடித்தான் பயன்படுத்துகிறீர்கள் என்று கோபப்பட்டார். அதே மனிதர் 1998இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் சீனாவைப் பற்றிப் பேசும்போது வேறு மாதிரி பேசினார். அங்கே காசு கொடுக்க மாட்டார்கள், எப்படியும் திருடப் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிடுவார்கள், அடுத்த பத்து ஆண்டில் எப்படி வசூலிப்பது என்று பார்த்துக்கொள்வோம் என்ற பொருளில் சொன்னார். மாணவராக இருக்கும்போது கண்டுகொள்ளாமல் விடுவார்கள். அவர் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்ததும் உரிமம் கேட்டுக் கடிதம் வரும். நாற்பது ரூபாய் சிடி நிறுவனத்துக்கு நட்டம் என்று மட்டும் சொல்ல முடியாது. அது விதைநெல்லும்கூட.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. நகல் மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார ஆதாயத்துக்காக இல்லையென்றால் சிறை விதிக்காமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம் என்று நீதிமன்றத்துக்கு விருப்புரிமை உண்டு. "டெல்லி ஜெராக்ஸ் வழக்கில் நாம்தானே ஜெயித்தோம்" என்று ஒரு மாணவர் சொன்னார். அது வேறு. 2016 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகப் பாடத்துக்காகப் புத்தகத்தின் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. மூன்று பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கு அது. ஏழை மாணவர்களுக்கு நல்ல தீர்ப்பு. ஆனால் அதைக் காட்டி கிராக் செய்த போட்டோஷாப்பைக் காப்பாற்ற முடியாது. ஏற்கனவே நம் மேல் வழக்குப் போடக் காரணம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். போராட்டத்துக்காக வழக்கு வந்தால் வரட்டும். சாஃப்ட்வேருக்காக ஏன் வரவேண்டும்?

இந்த இடத்தில் நம் மேடைகளில் வழக்கமாக ஏகலைவன் வருவான். "கற்றுக்கொடுக்க மறுத்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம், கட்டை விரலைக் கேட்கிறார்கள்" என்று பேசினால் கைதட்டல் கிடைக்கும். நாங்களும் அப்படிப் பேசியிருக்கிறோம். இப்போது பேசுவதில்லை. அதற்குக் காரணம் ஒரு மனிதர்.

2009 என்று நினைவு. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு நண்பரின் கடையோரம் எங்கள் மாத இதழை வைத்திருந்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இதழை எடுத்தார். கட்டுரையை வாசிக்கவில்லை. பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார், "இந்த எழுத்து நான் வரைஞ்சது."

எங்களுக்கு முதலில் புரியவில்லை. சிடியில் இருந்த அந்தக் கூடை ஃபாண்டுகளில் எங்களுக்குப் பிடித்த ஒன்றைத்தான் ஆறு வருடமாக இதழுக்குப் பயன்படுத்தி வந்தோம். நல்ல தடிமனான, நிமிர்ந்த எழுத்து. அதை ஒருவர் உட்கார்ந்து வரைந்திருப்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. டிரேசிங் தாளில் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, ஸ்கேன் செய்து, வளைவுகளைச் சரிசெய்து, இரண்டு வருடம் பிடித்ததாம். சிறிதாக ஒரு கடை வைத்து விற்றிருக்கிறார். முப்பது நாற்பது செட் போயிருக்கிறது. அதன் பிறகு ஒன்றும் போகவில்லை. எல்லா சிடியிலும் அது இருந்தது. கடையை மூடிவிட்டு வேறொருவர் டிடிபி கடையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நாங்கள் ஏதாவது வாதம் செய்திருப்போம். அவர் கோபப்படவில்லை. "இந்த 'ணை' கொஞ்சம் பக்கத்து எழுத்த இடிக்குது பாருங்க. சரி பண்ண வெர்ஷன் எங்கிட்ட இருக்கு. அட்ரஸ் குடுங்க, அனுப்புறேன்" என்றார்.

அந்த இதழின் அட்டைக் கட்டுரை என்ன தெரியுமா? ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்கச் சொல்வதையும், செத்த மாட்டைத் தூக்கச் சொல்வதையும், கூலி கேட்டால் "இது உங்க மொறைடா" என்று சொல்வதையும் எதிர்த்து எழுதிய கட்டுரை. வேலையை வாங்கிக்கொண்டு கூலி தராத ஊரைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தோம். அந்த எட்டுப் பக்கத்தையும் எந்த எழுத்தில் அச்சடித்தோமோ அந்த எழுத்துக்குக் கூலி தரவில்லை. தலைமுறை தலைமுறையாக நம்மிடம் இனாமாக வேலை வாங்கினார்கள். அந்த வலி தெரிந்த நாமே ஒரு ஏழைத் தொழிலாளியிடம் அதைச் செய்திருக்கிறோம். தெரியாமல்தான் செய்தோம். ஊர்க்காரர்களும் தெரியாமல்தான் செய்தோம் என்று சொல்வார்கள்.

அதனால்தான் ஏகலைவன் கதை இங்கே சரிப்படாது என்கிறோம். அவன் தன் உழைப்பில் கற்றுக்கொண்டான். நாங்கள் இன்னொருவர் உழைப்பை எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது அடி 2018இல் விழுந்தது. ஒரு கிராமத்தில் காலனி வீடுகள் தாக்கப்பட்ட பிறகு உண்மை அறியும் குழுவாகப் போய் நாற்பதுக்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைப் பதிவு செய்திருந்தோம். குரல் பதிவுகள், தட்டச்சு செய்த பிரதிகள், புகைப்படங்கள், எல்லாம் படிப்பகக் கணினியில் ஒரே ஃபோல்டரில். புகைப்படங்களைத் திருத்த ஒரு தம்பி புதிதாக ஒரு கிராக்கை இறக்கினார். கிராக் வேலை செய்ய வேண்டுமென்றால் ஆன்டிவைரஸை நிறுத்து என்று அதிலேயே எழுதியிருந்தது. நிறுத்தினார். விண்டோஸும் நகல் என்பதால், "இது அசல் இல்லை" என்று திரையில் வந்துவிடுமோ என்ற பயத்தில் அப்டேட்டை எப்போதோ நிறுத்தி வைத்திருந்தோம். மறுநாள் காலை எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பிட்காயினில் பணம் கட்டினால் திறக்கலாம் என்று திரையில் ஒரு அறிவிப்பு.

பணம் கட்டவில்லை, கட்டவும் இல்லை எங்களிடம். மறுபடி அந்தக் காலனிக்குப் போனோம். வெட்கத்தோடு வீடு வீடாக ஏறினோம். பலர் திரும்பச் சொன்னார்கள். ஒரு அக்கா சொல்லவில்லை. தன் கண் முன்னால் நடந்ததை முதல் தடவை இரண்டு மணி நேரம் அழுதுகொண்டே சொன்னவர் அவர். "ஒரு தடவ சொன்னதே போதும்பா. மறுபடி என்னால ஆவாது" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய சொற்கள் இப்போது எங்கும் இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகளின் உரிமைக்கென்று தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. அதற்காக எத்தனை பேர் போராடினார்கள். சாட்சியைக் காப்பாற்று என்று அரசிடம் கேட்கிற நாங்கள், சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் யாரோ முகம் தெரியாதவன் செய்த கிராக்கோடு ஒரே கணினியில் வைத்திருந்தோம். கோப்புகளைப் பூட்டியதோடு விட்டான். எடுத்து வேறு யாருக்காவது கொடுத்திருந்தால்? இன்றும் நினைத்தால் கை நடுங்குகிறது. இலவசம் என்று நினைத்தோம். அதற்கான விலையை அந்த அக்கா கொடுத்தார்.

மூன்றாவது இழப்பு மெதுவாக நடந்தது. எங்கள் இதழின் முதல் ஏழு வருடக் கோப்புகள் பேஜ்மேக்கரில், பழைய ஃபாண்ட் குறியீட்டில் இருக்கின்றன. பாமினி தெரிந்தவர்களுக்குப் புரியும்: m என்று அடித்தால் திரையில் அ தெரியும். உள்ளே இருப்பது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்தின் மேல் போர்த்திய தமிழ்ச் சட்டை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. உலகம் மாறியது. எங்கள் கோப்புகள் மாறவில்லை. இன்று அவற்றைத் திறந்தால் பாதி திறப்பதில்லை, திறந்தவை குப்பை எழுத்தாக வருகின்றன. எந்தக் காலனியில் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று நாங்கள் மட்டுமே பதிவு செய்த செய்திகள் அவற்றில் இருக்கின்றன. இப்போது இரண்டு மாணவிகள் அச்சுப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றுகிறார்கள். நம் வரலாற்றை இன்னொருவர் பூட்டுக்குள் வைத்தால், அவர் கடையைக் காலி செய்யும்போது சாவியும் போய்விடும். காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் இந்தக் கதிதான்.

அப்படியானால் என்ன வழி?

1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கினார். பெயர் "ஒரு பைசாத் தமிழன்". விலையையே பெயராக வைத்தார். யார் வாசிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்தார், அவரால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அதை விலையாக வைத்தார். இனாமாகக் கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். உழைப்புக்குக் கூலி இருந்தது, வாசகருக்கு மரியாதையும் இருந்தது. மென்பொருள் உலகத்தில் இந்த விலை அரசியலைப் பற்றி யோசிக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று தேடியபோதுதான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தெரிந்துகொண்டோம்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். யாரும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். இங்கே நகலெடுப்பது உரிமை. அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபிஸ், படத்துக்கு ஜிம்ப், சுவரொட்டிக்கு இங்க்ஸ்கேப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். எல்லாவற்றிலும் யூனிகோடு தமிழ்.

ஆனால் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் மக்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைப்பதும் தவறு. 2011இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. எங்கள் காலனியில் அந்த மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளிடம் கேட்டோம். ஒருவர்கூட அதைத் திறந்து வேலை செய்ததில்லை. "அது எதுக்குன்னு யாரும் சொல்லலண்ணா" என்றார்கள். ஆசிரியருக்கும் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் பாடம் லினக்ஸில், ஆசிரியர் பயிற்சி லினக்ஸில். அங்கே பிள்ளைகளுக்கு இது புதிராக இல்லை. கிணற்றைத் திறந்துவிட்டால் மட்டும் தாகம் தீராது. வாளியும் கயிறும் யார் கையில் இருக்கின்றன என்று கேட்க வேண்டும். பாடத்திட்டத்தில் கட்டற்ற மென்பொருளை வை, ஆசிரியருக்குப் பயிற்சி கொடு என்பதும் ஒரு சமூகநீதிக் கோரிக்கைதான். நம் கோரிக்கைப் பட்டியலில் அது இல்லை. சேர்க்க வேண்டும்.

இப்போது எங்கள் படிப்பகத்தில் நான்கு கணினிகள். நாங்களாக ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். வாக்குமூலங்கள் இருக்கும் கணினியில் லினக்ஸ் மட்டும். அதில் வெளி பென்டிரைவ் போடக் கூடாது. கோப்புகளுக்கு இரண்டு நகல், இரண்டு வேறு இடத்தில். இதழ் முழுக்க யூனிகோடில். டேலி பழகும் மாணவிகள் அதன் பயிற்சி முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் மாதத்தின் முதல் இரண்டு நாட்களுக்கும் 31ஆம் தேதிக்கும்தான் கணக்குப் போட முடியும். "எங்க கம்பெனி மாசத்துல மூணு நாள்தாண்ணா தொறந்திருக்கும்" என்று கிண்டல் செய்துகொண்டே நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஆட்டோகேட் வேண்டிய பாலிடெக்னிக் தம்பிகளுக்கு நிறுவனமே மாணவர்களுக்கென்று இலவச உரிமம் தருகிறது. கல்லூரி அடையாளச் சான்றைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். அதைச் செய்யத் தெரியாமல்தான் பலர் கிராக்குக்குப் போகிறார்கள். விண்ணப்பிக்க உட்கார்ந்து உதவுவது இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை.

நாங்கள் முழுக்கச் சுத்தமாகிவிட்டோம் என்று சொல்லவில்லை. எங்கள் தோழர்களில் சிலர் டவுனில் டிடிபி கடைகளில் வேலை செய்கிறார்கள். அங்கே முதலாளி போட்டு வைத்திருக்கும் நகலில்தான் வேலை. "இது கிராக், நான் தொட மாட்டேன்" என்று சொன்னால் அடுத்த நாள் வேலை இருக்காது. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

எழுத்து வரைந்த அந்த மனிதருக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். இரண்டு மாதம் கழித்து அவர் வேலை செய்த கடையைத் தேடிப் போனோம். ஆறு வருடத்துக்கான தொகை என்று நாங்களாக ஒரு கணக்குப் போட்டு, கூட்டத்தில் பேசிச் சேர்த்து எடுத்துப் போனோம். அவர் ஒரு செட்டின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்து, கார்பன் வைத்து ரசீது எழுதினார். அந்த ரசீது இன்றும் படிப்பகச் சுவரில், அண்ணல் படத்துக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது. மென்பொருளுக்காக நாங்கள் வாங்கிய முதல் ரசீது அது.

இனி அந்தத் தம்பிக்கு.

தம்பி, பஞ்சமி நிலத்தை எடுத்தவர் எடுத்த அன்றைக்கே நாம் நிலத்தை இழந்தோம், சோற்றை இழந்தோம். நீங்கள் ஒரு நகல் எடுத்ததால் அந்த நிறுவனம் தன் மென்பொருளை இழக்கவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்காதீர்கள். அந்தச் சொல்லை நம் மேல் மிக எளிதாக வீசுவார்கள், நாமே எடுத்து நம் மேல் பூசிக்கொள்ள வேண்டாம். வாங்க முடியாத விலையை வைத்து, அதையே பாடமாகவும் வைத்து, பிறகு திருடன் என்று சொல்கிறவர்களிடம் கேட்க நமக்கும் கேள்விகள் இருக்கின்றன. ஆனால் யாருடைய உழைப்பை எடுக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது நம்மைப் போல ஒரு தொழிலாளியின் உழைப்பு என்றால், கூலியைக் கொடுத்துவிடுங்கள். அது ஒரு பெரிய நிறுவனத்தின் பூட்டு என்றால், அதை உடைக்கச் செலவழிக்கும் நேரத்தில் பூட்டில்லாத வீட்டுக்கு வழி தேடுங்கள். நம்மை நம்பிச் சொன்னவர்களின் சொற்களை எந்தக் காரணத்துக்காகவும் கிராக் இருக்கும் கணினியில் வைக்காதீர்கள்.

முகாமின் இரண்டாவது நாள் அந்தத் தம்பி சுவரொட்டியை இங்க்ஸ்கேப்பில் மறுபடி செய்தார். முதல் நாள் நாற்பது நிமிடத்தில் செய்ததற்கு மூன்று மணி நேரம் ஆனது. நிழல் எங்கே வைப்பது என்று தெரியாமல் திட்டிக்கொண்டே செய்தார். கடைசியில் நிழல் இல்லாமலே விட்டார். தூரத்திலிருந்து பார்க்க இன்னும் தெளிவாக இருந்தது. ஐந்நூறு பிரதி அச்சடித்து ஒட்டினோம். இரவோடு இரவாக ஊர்த்தெருப் பக்கம் ஒட்டியதை மட்டும் யாரோ கிழித்துவிட்டார்கள். கோப்பு நம்மிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒட்டுகிறோம். பசை காய்ச்ச ஆள் தேவை, வாருங்கள்.

ஜெய் பீம்.